தினமும் ஓட்டுகிற வண்டிக்கு எந்த கேம்ஷாஃப்ட்?

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று, நம்மவர்கள் பலர் வீட்டிலும் நிற்கிற மினிவேன். இன்னொன்று 2005-ம் வருட மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். படிப்புக்கு வாங்கிய கடனை எல்லாம் அடைத்த பிறகு, எனக்கே எனக்கென்று நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் அதுதான். செகண்ட் ஹேண்ட் வண்டி. ஆனால் கராஜில் மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற ரகம் இல்லை. நோவையிலிருந்து சவுத்ஃபீல்டில் இருக்கும் ஆபீசுக்குத் தினமும் இதில்தான் போகிறேன். மினிவேன் சர்வீசுக்குப் போனால் பையனை டேகேரில் விட என் மனைவியும் இதைத்தான் எடுப்பாள்.

போன வருடம் ஓடோமீட்டர் 1,20,000 மைலை நெருங்கியது. இந்த வண்டிக்கு 60,000 மைலுக்கு ஒரு முறை டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். இதில் இருக்கும் 4ஜி63 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்துவிடும். எஞ்சினே போச்சு. அதனால் பெல்ட் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டால், கேம்ஷாஃப்ட் மாற்றும் வேலையில் பாதி முடிந்த மாதிரிதான். "கையோட பெரிய கேமா போட்டுட்டா என்ன?" என்று ஆசை கிளம்பிவிட்டது.

வண்டிகளில் ஈடுபாடு இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் உள்ள ஒரு தண்டு. அந்த மேடுதான் வால்வைத் திறக்கிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், எவ்வளவு உயரம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் மேட்டின் வடிவத்தில் இருக்கிறது. நேரத்தை கிராங்க்ஷாஃப்ட்டின் டிகிரியில் சொல்வார்கள். எவோவுக்குக் கடையில் கேம் தேடினால் 264, 272, 280 என்று எண்கள் வருவது அதனால்தான். எண் பெரிதானால் வால்வ் அதிக நேரம் திறந்திருக்கும் என்று பொருள்.

அதிகம் திறந்திருந்தால் அதிகக் காற்று வரும், நல்லதுதானே என்று தோன்றும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 7,000 சுற்றில் 272 டிகிரி என்பது சுமார் ஆறரை மில்லி விநாடி. அந்த அவசரத்தில் சிலிண்டர் நிறைய வேண்டுமானால் வால்வ் நீளமாகத் திறந்திருப்பது பெரிய உதவி. அதே 272 டிகிரி, 3,000 சுற்றில் சுமார் 15 மில்லி விநாடி. காற்று வந்து சேர்ந்த பிறகும் வால்வ் திறந்தே கிடக்கிறது. மேலே ஏறும் பிஸ்டன், வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி வெளியே தள்ளுகிறது. அதனால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையும், டர்போ விழித்துக்கொள்வதும் தாமதமாகும். எவோவின் கம்ப்ரஷன் ஏற்கெனவே 8.8-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கிறது. பூஸ்ட் வருவதற்கு முன் அது ஒன்றும் பெரிய வீரன் இல்லை.

அடுத்தது ஓவர்லாப். புகை போகும் வால்வும் காற்று வரும் வால்வும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் பின்வாசல் வழியாக எழுந்து போகும்போதே முன்வாசலைத் திறந்துவிட்டால் அடுத்த பந்தி சீக்கிரம் உட்காரும். ஆனால் பின்பக்கம் கை கழுவ ஒரே ஒரு குழாய் இருந்தால்? அங்கே கூட்டம் தேங்கி, போனவர்கள் திரும்ப மண்டபத்துக்குள்ளேயே வருவார்கள். டர்போ வண்டியில் அந்த ஒற்றைக் குழாய்தான் டர்பைன். உயர் சுற்றில் சின்ன டர்போவுக்கு முன்னால் தேங்கும் புகையின் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாகிவிடலாம். அப்போது ஓவர்லாப் அதிகமான கேம், எரிந்த புகையையே திரும்ப உள்ளே அழைத்து வரும். டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சொல்லும் யோசனையை அப்படியே டர்போ வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

அதற்காகப் பெரிய கேம் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. இந்த எஞ்சினில் ஒரிஜினல் டர்போவை வைத்துக்கொண்டே 272 போட்டு, மேல் சுற்றில் நல்ல பலன் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய டைனோ தாள்களைப் பார்த்துத்தான் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது.

இங்கே ஆட்டோ கம்பெனி ஒன்றில் எஞ்சின் கேலிப்ரேஷன் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தாளைக் காட்டினேன். உச்சியில் இருந்த எண்ணை அவர் பார்க்கவே இல்லை. "2,500-லேருந்து 5,000 வரைக்கும் கோடு எங்க இருக்குன்னு பாருலே. நீ ரோட்டுலதான ஓட்டுற, பேப்பர்லயா ஓட்டுற?" என்றார்.

அது எனக்குப் பிடித்த மாதிரியான கேள்வி. ஆபீசில் எந்த சர்வரை வாங்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் நாங்கள் லாக் பார்ப்போம். வண்டிக்கும் அதையே செய்தேன். ஓபிடி போர்ட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, இரண்டு வாரம் எஞ்சின் சுற்றைப் பதிவு செய்தேன். ஐ-696-ல் ஐந்தாவது கியரில் 3,000-க்கும் 3,500-க்கும் நடுவில் ஓடுகிறது. ஊருக்குள் 2,000, 2,500. சிக்னலில் ஐடில். ஹைவேயில் ஏறும் ராம்ப்பில் மட்டும் சில விநாடி 5,500-ஐத் தாண்டுகிறது. இரண்டு வாரத்து ராம்ப்புகளை எல்லாம் கூட்டினாலும் ஒரு காபி குடிக்கிற நேரம்தான் வரும். 280 கேம் முழு மூச்சில் வேலை செய்வது அந்த நேரத்துக்கு மட்டும். மீதி நேரமெல்லாம் நான் அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளுடைய கேள்விகள் வேறு. "ஏங்க, ஜனவரி குளிர்ல ஒரே தடவையில ஸ்டார்ட் ஆகுமா? சிக்னல்ல ஆஃப் ஆகாம நிக்குமா? பிரேக் இப்ப மாதிரியே பிடிக்குமா?" மூன்றும் சரியான கேள்விகள். ஓவர்லாப் கூடினால் ஐடிலில் எஞ்சின் தடுமாறும். குதிரை நொண்டுகிற மாதிரி வரும் அந்தச் சத்தம் ரசிகர்களுக்குச் சங்கீதம். பின் சீட்டில் குழந்தையோடு சிக்னலில் நிற்பவருக்கு அப்படி இல்லை. ஐடிலில் வேக்குவம் குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. நல்ல ட்யூனர் ஐடில் சுற்றை ஏற்றி, பெட்ரோல் அளவைச் சரிசெய்து இதையெல்லாம் சமாளிப்பார். ஆனால் எந்த கேம் போட்டாலும் ட்யூன் செய்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரிய கேம் என்றால் வால்வ் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டிவரும். ஒரு ஜோடி கேமின் விலை மட்டும் பல நூறு டாலர். எல்லாவற்றையும் கூட்டினால் ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மிச்சிகனில் கலிஃபோர்னியா மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புகைச் சோதனை கிடையாது. ஆனால் ரோட்டில் ஓடும் வண்டியின் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கக் கூடாது என்கிற கிளீன் ஏர் ஆக்ட் நாடு முழுவதற்கும் பொது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், வாங்கும் பாகத்துக்கு அந்த மாநிலத்தின் ஏர் ரிசோர்சஸ் போர்டு கொடுத்த விலக்கு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அந்த எண் இல்லாத கேம் டிராக் வண்டிக்கு மட்டும்தான்.

கடைசியில் நான் எடுத்த முடிவு: கம்பெனி கேம் அப்படியே இருக்கட்டும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினோம். பக்கத்தில் ஓடும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் விடவில்லை. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கி எஞ்சினைக் காலி செய்வது இந்த எஞ்சினில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மிச்சமான பணத்தில் நல்ல பனி டயர் நாலு வாங்கினேன். ஆசை போய்விட்டதா என்றால் இல்லை. டைனோ தாளைப் பார்த்தால் இன்னமும் கை பரபரக்கிறது.

உங்களில் யாராவது கேம் மாற்றுகிற யோசனையில் இருந்தால், முதலில் இரண்டு வாரம் உங்கள் வண்டியின் சுற்றைப் பதிவு செய்து பாருங்கள். 6,000-க்கு மேல் நிறைய நேரம் இருக்கிறீர்களா, டிராக்குக்குப் போகிறீர்களா, டர்போவும் பெரிதாக மாற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் 272, 280 பக்கம் போவதில் அர்த்தம் இருக்கிறது. மிதமான மாற்றம் போதும், ஐடில் கெடக் கூடாது என்றால் 264-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனிகளின் கேமை ஒப்பிடும்போது அட்டையில் போட்ட எண்ணை நம்பாமல், 1 மில்லிமீட்டர் லிஃப்ட்டில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். எந்தப் புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவருடைய 272 இன்னொருவருடைய 272 ஆகாது. அப்புறம், அந்த வண்டியை வீட்டில் வேறு யாரெல்லாம் ஓட்டுகிறார்களோ, அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.