‘தொ’ என்று எழுதிய கொப்பி

2018ஆம் ஆண்டு, பாடசாலைகளில் இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் என் சட்டத்தரணிக் கந்தோரைத் திறக்கப் போனபோது வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஐவர் பெண்கள். படுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து முதல் பாதையில் வாவியைக் கடந்து வந்திருந்தார்கள். ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றி வரும் படகுத்தளத்தை எங்கள் பக்கம் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள்.

“சேர், பள்ளிக்கூடக் கேற்றப் பூட்டிப்போட்டு ரோட்டில இருக்கப் போறம். பொலிஸ் புடிச்சா நீங்க வருவீங்களா?” என்று ஒரு தாய் கேட்டார். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

ஏன் பூட்ட வேண்டும் என்று கேட்டேன். அதைச் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. அது மறையும் வயற்பக்கம் படுவான்கரை. கச்சேரி, நீதிமன்றம், பெயர்பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் புளியந்தீவிலும் எழுவான்கரையிலும் இருக்கின்றன. நெல்லும் மாடும் மேற்கே. யுத்தக் காலத்தில் சோதனைச் சாவடிகளும் ஷெல்லும் அந்தக் கரையைத் தனியாக்கி வைத்திருந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, இனி எல்லாம் கிட்டவாகிவிட்டது என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். கிட்டவானது உண்மை. ஆனால் பாலத்தில் ஆட்கள் இரண்டு பக்கமும் போகலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அக்கரைப் பாடசாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ஊர்ப் பாடசாலையில் மீந்தவர்கள் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

பாடசாலைக்கு வரும் தர உள்ளீட்டுப் பணம் பெருமளவு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கரும்பலகை, விஞ்ஞான உபகரணம், வினாத்தாள் அடிக்கும் கடதாசி எல்லாம் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். பிள்ளைகள் குறையக் குறையப் பணமும் குறையும். பணம் குறைந்த பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் விலகுவார்கள். இதற்கு மேல் இன்னொன்று. அங்கே நியமனம் பெற்ற கணித ஆசிரியர் ‘தற்காலிக இணைப்பு’ என்ற பெயரில் எழுவான்கரையில் ஒரு பாடசாலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. விஞ்ஞான ஆசிரியரும் அப்படியே.

ஒரு பாடசாலைக்கு அரசு செலவழிப்பதில் மிகப் பெரிய பங்கு ஆசிரியர் சம்பளம். ஆகவே ஆசிரியரை இணைப்பில் எடுப்பது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பணத்தை இன்னொரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதுதான். ஆனால் எந்தக் கணக்கேட்டிலும் அது குறைப்பு என்று தெரியாது. சம்பளப் பட்டியலில் அந்த ஆசிரியர் இன்னமும் படுவான்கரையில்தான் இருப்பார்.

“அப்ப இரண்டு வருசமாக் கணக்கு யார் படிப்பிக்கிற?” என்று கேட்டேன்.

“நாங்க புள்ளையொண்ட வச்சிருக்கம் சேர். ஊர்ப் புள்ளதான். ஏ.எல். பாஸ். வீட்டுக்கு நூற்றைம்பது ரூபா சேர்த்துக் குடுக்கிறம்.”

40 வீடுகள் மாதம் 150 ரூபா கொடுக்க, 6,000 ரூபா சேரும். அதை வாங்கிக்கொண்டு ஓர் இளம்பெண் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தாள். கிழக்கில் இவர்களைத் தொண்டர் ஆசிரியர் என்போம்.

கேற்றைப் பூட்ட வேண்டாம் என்றேன். பூட்டினால் அடுத்த நாள் பத்திரிகையில் ஒரு படம் வரும், அதிகாரி ஒருவர் வந்து வாக்குறுதி தருவார், பூட்டைத் திறப்பீர்கள். அந்த வாக்குறுதியை எந்த மன்றத்திலும் காட்ட முடியாது.

சட்டத்தில் எங்கள் நிலை லேசாக இருக்கவில்லை. இலங்கை அரசியலமைப்பில் கல்வி உரிமை அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்தில் இல்லை. 27(2) உறுப்புரையில், எல்லோருக்கும் எல்லா மட்டத்திலும் சமமான கல்வி வாய்ப்பு என்று இருக்கிறது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டித் தத்துவம். அதை வைத்து வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. மீதமிருப்பது 12(1), சட்டத்தின் முன் சமத்துவம். கல்வி உரிமை தனியாக எழுதப்படாவிட்டாலும் சமத்துவ உறுப்புரையின் ஊடாக நீதிமன்றங்கள் அதை ஏற்று வந்திருக்கின்றன. அந்தக் கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். எங்களுக்கு மீறல் எந்தத் திகதியில் நடந்தது? இந்தப் பள்ளிக்கூடத்தின் பங்கைக் குறைக்கிறோம் என்று யாரும் கடிதம் எழுதவில்லை. ஒரு காலையில் ஒருவர் வரவில்லை, அவ்வளவுதான். எழுத்தாணை கேட்பதென்றாலும் எந்தத் தீர்மானத்துக்கு எதிராகக் கேட்பது? கொழும்போ 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசைக்கூட ஊரில் தண்ட வேண்டியிருக்கும்.

முதல் வேலை, திகதி உள்ள ஒரு கடதாசியை உண்டாக்குவது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? எத்தனை பேருக்கு அந்தப் பாடசாலையின் பெயரில் சம்பளம் போகிறது? அவர்களில் எத்தனை பேர் வேறிடத்தில் கையெழுத்து வைக்கிறார்கள், எந்தக் கடிதத்தின் பேரில்? கடைசி மூன்று வருடம் ஒதுக்கிய தர உள்ளீட்டுப் பணம் எவ்வளவு? இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதினோம். அந்தத் தாய் தன் பெயரில் கையெழுத்து வைத்தார்.

பதில் உடனே வரவில்லை. மேன்முறையீடு செய்த பிறகு வந்தது. ஆளணியில் கணித ஆசிரியர் ‘உண்டு’, விஞ்ஞான ஆசிரியர் ‘உண்டு’. இருவரும் இணைப்பில் வேறு பாடசாலையில். இணைப்புக் கடிதத்தில் முடிவுத் திகதி இல்லை. உள்ளீட்டுப் பணம் வருடத்துக்கு வருடம் இறங்கியிருந்தது.

அந்தக் கடிதம் கிடைத்த நாளை அறிவு கிடைத்த நாளாக வைத்து, ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்தியக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தோம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கும். ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றக் கால எல்லையில் சேராது. செலவும் இல்லை. கொழும்புக் கதவைச் சாத்திவிடாமல் மட்டக்களப்பில் பேசிப் பார்க்கலாம்.

விசாரணைக்குத் தயாராகும்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். “ஒரு தவணைக்குத் தொண்டர் ஆசிரியரை நிற்பாட்டுங்க. வகுப்பு வெறுமையாக் கிடந்தா எங்கட கேஸ் பலம்.” சட்டத்தரணி என்ற முறையில் அது சரியான புத்திமதி.

அந்தத் தாய் என்னை நேரே பார்த்தார். “கேஸ் வெல்லுறத்துக்காகப் புள்ளைகள வெறும் வகுப்பில வச்சிருக்க ஏலா சேர். இவங்களுக்கு இந்த வருசம் மறுகா வராது.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் பையிலிருந்து 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து வைத்தார். ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மகளிடம் ஒவ்வொரு நாள் பின்னேரமும் கேட்டு எழுதியது. நாளுக்கு 8 பாடவேளை, 8 கட்டம். அரச ஆசிரியர் வந்தால் சரிக்குறி. யாரும் வராவிட்டால் வட்டம். தொண்டர் ஆசிரியை வந்தால் ‘தொ’. பால் கணக்கு எழுதும் ஒழுங்கில் நாட்கள் வரிசையாக நின்றன. கேற்றைப் பூட்டத்தான் வேண்டும் என்று காட்டுவதற்காக அதை எழுதி வைத்திருந்தார். என்னிடம் காட்டத் தோன்றவில்லையாம்.

விசாரணைக்கு வந்த கல்வி அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நியாயமாகாது. எழுவான்கரைப் பெற்றோரும் அவரைத் தொலைபேசியில் நெருக்கினார்கள், அவர்களுக்கு ஆள்பலம் உண்டு. மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்து தேர்தலும் இல்லாததால், மக்கள் போய்ச் சொல்ல ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. அதிகாரி தன் கோவையைத் திறந்து, பாடசாலையில் கணித பாடம் ஒழுங்காக நடைபெறுகிறது, நேரசூசியில் வெற்றிடம் இல்லை, தவணைப் பரீட்சையும் நடந்திருக்கிறது என்று வாசித்தார். எதுவும் பொய்யில்லை.

நான் கொப்பியை அவர் முன்னால் வைத்தேன். ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். “இந்த ‘தொ’ என்ன?” என்று கேட்டார்.

“அது நாங்க சம்பளம் குடுக்கிற புள்ள, சேர்,” என்றார் அந்தத் தாய்.

அன்றுதான் இந்த வழக்கின் உயிர் எது என்று எனக்கு விளங்கியது. அந்த 40 வீடுகள் கட்டிய காசுதான் பள்ளிக்கூடத்தில் நடந்த குறைப்பை மறைத்து வைத்திருந்தது. பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் ஓட்டையை அடைத்தார்கள். அடைத்த சுவரைப் பார்த்து, ஓட்டையே இல்லை என்று கோவையில் எழுதப்பட்டது. ஏழைகள் கையிலிருந்து போட்டது எதற்கும் ரசீது இல்லை. ரசீது இல்லாததால் அது நடக்கவே இல்லை.

இதே துயரத்தைப் பிறகு ஓர் அமெரிக்கத் தீர்ப்பில் வாசித்தேன். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வூட் பகுதிப் பெற்றோர் 1968இல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் 100 டொலர் சொத்து மதிப்புக்கு 1.05 டொலர் பாடசாலை வரி கட்டினார்கள். அதில் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தது 26 டொலர். பக்கத்து வசதியான அலமோ ஹைட்ஸ் 0.85 டொலர்தான் கட்டியது. அங்கே ஒரு பிள்ளைக்கு 333 டொலர் சேர்ந்தது. கூடக் கட்டியவர்களுக்குக் குறையக் கிடைத்தது. 1973இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கல்வி அந்நாட்டு அரசியலமைப்பில் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லி, ஐந்துக்கு நான்கு என்று அவர்களைத் தோற்கடித்தது. அந்த மக்கள் விடவில்லை. 1989இல் மாநில நீதிமன்றத்தில், மாநில அரசியலமைப்பின் கீழ் வென்றார்கள். வாவிக்கரையில் 150 ரூபா தண்டியவர்களும் அவர்களும் ஒரே கணக்கைத்தான் கொண்டுபோனார்கள்.

எங்கள் நாட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்த காலத்தில், அன்றைய கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் நகரத்துக்கு வெளியே பிள்ளைகளைத் தேடிப் போயின. எங்கள் மாவட்டத்தில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் அப்படி வந்தது. 1981இல் அந்த வளவில்தான் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமானது. கிராமத்தில் போட்ட பணம் வீண்போகாது என்பதற்கு மட்டக்களப்பிலேயே சாட்சி நிற்கிறது.

விசாரணை இரண்டாம் தடவை கூடியபோது இணக்கம் வந்தது. கணித ஆசிரியரின் இணைப்பு அந்தத் தவணையோடு முடிவுறும். விஞ்ஞானத்துக்குப் பதிலாள் வரும்வரை கிழமையில் இரண்டு நாள் ஒருவர் வருவார். இனி எந்த இணைப்புக் கடிதத்திலும் முடிவுத் திகதி இருக்கும், பிரதி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போகும். நான் வரைந்தேன், எல்லோரும் கையெழுத்து வைத்தோம். மூன்றாம் தவணை தொடங்கிய கிழமை கணித ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கொப்பியைத் திருப்பிக் கேட்டார் அந்தத் தாய். பின்பக்கங்கள் இன்னும் எழுதாமல் கிடக்கின்றன, வட்டம் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், வேறொரு வழக்குக்காகப் படுவான்கரை போய்த் திரும்பும்போது, பாதையில் ஓர் இளம்பெண் என்னை அடையாளம் கண்டாள். “சேர், நான்தான் அந்தத் தொண்டர்,” என்றாள். கணித ஆசிரியர் வந்ததும் ஊர் அவளுக்குச் சேலை ஒன்று கொடுத்து அனுப்பி வைத்ததாம். இப்போது கடையொன்றில் வேலை.

அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள். வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்களை அரச சேவையில் சேர்த்துக்கொண்ட காலங்கள் உண்டு. அதற்கு, படிப்பித்ததற்கான பதிவு வேண்டும். பாடசாலையின் சம்பவத் திரட்டில் அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. “நான் அங்க இருந்ததுக்கு ஏதாவது கடதாசி இருக்கா சேர்?”

இருந்தது. ‘தொ’ என்ற எழுத்து, நாள்தோறும். ஆனால் நான் வரைந்த இணக்கப் பத்திரத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் வழக்கை நிலைநிறுத்திய சாட்சியம் அவள்தான், அவளைப் பதிவுசெய்ய எனக்குத் தோன்றவில்லை. மறுநாளே அந்தத் தாயிடம் கொப்பியை வாங்கி, அதன் பக்கங்களைப் பிரதி எடுத்து, தாய்மார் ஆறு பேரிடம் சத்தியக்கடதாசி வாங்கி, அவள் பெயரில் கோவை ஒன்று திறந்தேன். அது இன்னும் என் மேசையில் திறந்தே இருக்கிறது.

இப்போது பெற்றோர் யாராவது பள்ளிக்கூட விசயமாக வந்தால், சட்டம் பேசுமுன் மூன்று கேள்வி கேட்கிறேன். குறைந்ததை நிரப்ப நீங்கள் என்ன கட்டுகிறீர்கள்? அது சங்கக் கூட்டக் குறிப்பில் இருக்கிறதா? அந்தக் காசில் நிற்பவரின் பெயர் என்ன? மூன்றாவது பதிலைத்தான் கோவையின் முதல் பக்கத்தில் எழுதுகிறேன்.