கிளாருஸில் கையுயர்த்தும் ஞாயிறு

சூரிச்சில் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் கிளாருஸ் வந்துவிடும். சுற்றிவர மலை. மே மாதத்திலும் உச்சியில் பனி கிடக்கும். 40,000 பேருக்குச் சற்றுக் கூடுதலாக வாழும் சின்ன மாநிலம். தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்யும் அந்த ஊர்க்காரர் ஒருவர் "ஒருக்கால் வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டதால், மே முதல் ஞாயிறு அன்று குடும்பமாகப் போனோம்.

அன்று அங்கே 'லான்ட்ஸ்கெமைன்ட'. மாநிலத்து மக்கள் ஓரிடத்தில் கூடிச் சட்டங்களையும் வரியையும் கையுயர்த்தித் தீர்மானிக்கும் கூட்டம். திறந்த வெளியில் பலகைப் படிகளை வட்டமாக அடித்திருந்தார்கள். வாக்குரிமை உள்ளவர்கள் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். எங்களுக்குப் பார்வையாளர் பக்கம். பள்ளிப் பிள்ளைகளை மட்டும் நடுவில், மேடைக்குக் கிட்ட இருத்துகிறார்கள். எங்கள் மகளும் அங்கே போய் இருந்தாள்.

பேசப்போகும் விடயங்களை அச்சடித்த புத்தகம் முன்னரே வாக்காளர்களுக்குப் போய்விடுகிறது. வாக்குரிமை உள்ள எவரும் மேடையேறலாம். ஒரு விதி உண்டு: என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லவேண்டும், காரணத்தைப் பிறகு சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒரு பெண் ஏறினார். கையில் கடதாசி நடுங்கியது. வாசித்து முடித்தார். அட்டைகள் உயர்ந்தன. தலைவர் எண்ணவில்லை, கண்ணால் பார்த்தே முடிவைச் சொன்னார். அந்தப் பெண் தோற்றுவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் தோற்பதில்லை. 2006-ல் 25 ஊர்ச் சபைகளைப் பத்தாக்க அரசு கேட்டது. சாதாரண குடிமகன் ஒருவர் எழுந்து "மூன்று போதும்" என்றார். சபை அவர் பக்கம் நின்றது. 2007-ல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியதும் இதே இடத்தில்தான்.

எங்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. ஊரில் சனசமூக நிலையக் கூட்டங்களில் கையுயர்த்தியவர்கள்தான் நாங்கள். இங்கே வந்தபின் வாய் மூடிவிட்டது. ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள், டொச் பிழையாக வரும் என்ற வெட்கம். பள்ளிக்குப் போகும் தெருவில் மஞ்சள் கடவை இல்லை. இரண்டு வருடமாக அதைப் பற்றி எங்கள் குசினிக்குள் மட்டுமே பேசினோம்.

திரும்பும்போது ரயிலில் மகள் கேட்டாள்: "அந்த அன்ரிக்கும் பயம்தானே, நீங்கள் ஏன் கேட்கிறதில்லை?"

எங்களுக்கு வாக்கில்லை, உண்மை. இந்த நாட்டுப் பெண்களுக்கே தேசிய வாக்குரிமை 1971-ல்தான் கிடைத்தது. ஆனால் சுவிஸ் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. குடியுரிமை தேவையில்லை. மனுக் கொடுத்ததற்காக ஒருவருக்கும் தீங்கு வரக்கூடாது. மனு கிடைத்ததை அதிகாரிகள் கவனத்தில் எடுத்தே ஆகவேண்டும்.

அடுத்த பெற்றார் கூட்டத்தில் கடதாசியோடு எழுந்தோம். "கடவை வேண்டும்" என்பது முதல் வரி. காரணம் இரண்டு வரி. கை நடுங்கியது. கூட்டம் முடிய, பதினொரு பெற்றார் மனுவில் கையெழுத்து வைத்தார்கள். அதில் நாலு பேர் சுவிஸ்காரர். ஊர்ச் சபையிலிருந்து "பரிசீலிக்கிறோம்" என்று கடிதம் வந்திருக்கிறது. கடவை இன்னும் வரவில்லை.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களே, பெற்றார் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். பாசை திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்க வேண்டியதை முதல் வரியில் எழுதிக்கொண்டு போங்கள்.