தந்தத்தில் கொண்டை, தராசில் வெள்ளி

திருச்சி மலைக்கோட்டையின் அருகே, இராணி மங்கம்மாள் கொலு மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பழஞ்சிலைகளை முகத்தைக் கொண்டு மட்டுமன்றி முடியைக் கொண்டும் இனங்காணலாம். சடைமுடி துறவைச் சுட்டும். சீவி முடித்த கொண்டை இல்வாழ்வைச் சுட்டும்.

காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்குள்ள கோயில் அருங்காட்சியகம் 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. அரச மகளிரின் கூந்தல் ஒப்பனையைச் சிற்பி எத்துணை நுணுக்கமாகச் செதுக்கியுள்ளான்! அம்மா மண்டபப் படித்துறையிலோ, நீத்தார் கடன் ஆற்ற வருவோர் அதே முடியை மழித்து நீராடுகின்றனர்.

பேணுவதும் களைவதுமாகிய இரண்டையும் நம் மார்க்கமும் கற்பிக்கின்றது. முடியுடையோர் அதனைக் கண்ணியமாகப் பேண வேண்டுமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஆண்கள் முடியை மழிக்கின்றனர், அல்லது குறைக்கின்றனர். பேரர் ஹஸன் (ரலி) பிறந்தபோது, குழந்தையின் தலைமுடியை இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்யுமாறு அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவ்வெடை ஒரு திர்ஹம் அல்லது அதில் ஒரு பகுதியே இருந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது.

இன்று அகீகாவுக்கு ஆடு அறுக்கின்றோம். உற்றார் உண்டு மகிழ்கின்றனர். ஒஸ்தா இறக்கிய முடியை நிறுத்துப் பார்க்கும் வீடுகள் எத்தனை? சில கிராம் வெள்ளிதான். எனினும் ஓர் ஏழை வீட்டில் அன்றைய உலை அதனால் கொதிக்கும். பிள்ளையின் பெயரால் செய்யப்படும் முதல் தர்மமும் அதுவே ஆகலாம்.

கொண்டையின் அழகை அருங்காட்சியகங்கள் காக்கட்டும். முடியின் எடையில் ஏழைக்குள்ள பங்கை நாம் காப்போமாக!