தலைநகரில் ஒரு தல யாத்திரை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும், "எங்கேயாவது கூட்டிப் போங்கள்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பேரங்காடிக்கு அழைத்துச் சென்றால் கைப்பணம் கரையும். வீடு திரும்பியதும் பார்த்தது எதுவும் நினைவில் நிற்காது. வாசக அன்பர்களே, செமினியிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய ஓர் உலாவை இங்கே சொல்கிறேன். செலவு பஸ், ரயில் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். பார்க்கப்போவது, கோலாலம்பூரில் அடுத்தடுத்து நிற்கும் பல சமயத்தாரின் வழிபாட்டுத் தலங்களை.

பழைய தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. லயத்தின் ஒரு கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கும். அதே லயத்தில் மாதா படம் மாட்டிய வீடும் இருக்கும். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற வீடும் இருக்கும். தூக்குச் சட்டியில் கஞ்சி அடுத்த வீட்டுக்குப் போகும். தீபாவளிப் பலகாரம் அதே தூக்கில் திரும்பி வரும். இன்று பால்மரக் காடுகள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு, அடுத்த வீட்டார் எங்கே போய் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்பதே தெரிவதில்லை. தெரியாத இடத்தில்தான் சந்தேகம் முதலில் குடிபுகும். ஆகவே இந்த உலாவுக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

செமினியில் பஸ் ஏறிக் காஜாங்கில் இறங்குங்கள். காஜாங் வரை எம்.ஆர்.டி. பாதை 2017 ஜூலையில் திறக்கப்பட்ட பிறகு தலைநகர்ப் பயணம் மிகவும் சுலபமாகிவிட்டது. ரயிலில் அமர்ந்தால் பாசார் செனி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் பூமாலைக் கடைகளின் வாசனை வரும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் ராஜகோபுரம் தெரியும்.

இந்த ஆலயம் 1873ல் கே. தம்புசாமிப் பிள்ளையால் அவருடைய குடும்பக் கோயிலாகத் தொடங்கப்பட்டது. முதலில் ரயில் நிலையத்தின் பக்கமாக இருந்து, 1885ல் இப்போதுள்ள துன் எச்.எஸ். லீ சாலைக்கு வந்தது. அத்தாப்புக் கூரை போட்ட கோயிலாக இருந்தது, 1887ல் செங்கற் கட்டடமானது. நாம் இன்று காணும் கோயில் 1973ல் கும்பாபிஷேகம் கண்டது. ஐந்து நிலைக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 75 அடி. அதில் 228 சிலைகள் உள்ளன. பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கியவரும் தம்புசாமிப் பிள்ளைதான். அங்கே 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. தைப்பூசத்துக்கு முன்னதாக வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான். விக்டோரியா கல்வி நிலையம் 1893ல் உருவானபோது, சீனத் தலைவர்களோடு சேர்ந்து அதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். தம் அம்மனுக்குக் கோயில் எழுப்பிய அதே கை, எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கும் கொடுத்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அம்மனை வணங்கி வெளியே வந்து சாலையின் எதிர்ப்புறம் பாருங்கள். சிவப்பும் பொன்னுமாகத் தெரிவது குவான் டி சீனக் கோயில். 1888ல் குவோங் சியூ சங்கத்தார் எழுப்பியது. குவான் டி ஒரு காலத்தில் போர்த்தளபதியாக வாழ்ந்தவர். சொன்ன சொல் தவறாதவர் என்பதற்காகவே சீனர்கள் அவரைத் தெய்வமாக வைத்தார்கள். நம் மதுரைவீரனையும் முனியாண்டியையும் அறிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இது உடனே புரிந்துவிடும். உள்ளே நுழையும்போது வாசற்படிக் கட்டையை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். அது அவர்களின் மரியாதை. இந்தச் சாலையில் இன்னொன்றையும் காணலாம்: சீன அன்பர்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நம் அம்மன் சந்நிதியிலும் வந்து கைகூப்பி நிற்பார்கள்.

அதே சாலை வழியே மேலே நடந்தால், கடைகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள் ஒதுங்கி நிற்கிறது சின் சே சி யா கோயில். கோலாலம்பூரை உருவாக்கியவர்களில் ஒருவரான கப்பித்தான் யாப் ஆ லோய் 1864ல் நிறுவியது. ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனக் கூலிகள் காய்ச்சலிலும் கலவரத்திலும் மடிந்த காலம் அது. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட நம் பாட்டன்மார் முதலில் ஒரு சூலத்தை நட்டுக் கும்பிட்ட கதையும் இதே கதைதான். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு முதலில் தேவைப்பட்டது துணை நிற்க ஒரு தெய்வம்.

இனி ஆற்றங்கரைக்குப் போவோம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற முனையில், தென்னை மரங்களுக்கிடையே வெள்ளையும் செங்கல் நிறமும் மாறி மாறி வரும் கோடுகளோடு நிற்கிறது ஜாமெக் பள்ளிவாசல். ஒரு பழைய மலாய் இடுகாட்டின் மேல் இது கட்டப்பட்டது. ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இந்திய மொகலாயர் பாணியில் வரைந்து கொடுத்தார். 1909 டிசம்பரில் சிலாங்கூர் சுல்தான் திறந்துவைத்தார். 1965ல் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்படும் வரை தலைநகரின் தலைமைப் பள்ளிவாசல் இதுவே. 2017ல் இதற்குச் சுல்தான் அப்துல் சமாட் பெயர் சூட்டப்பட்டது. தொழுகை வேளைகளைத் தவிர்த்து மற்ற நேரத்தில் வெளியார் சென்று பார்க்கலாம். பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கான அங்கியை அங்கேயே தருவார்கள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மஸ்ஜித் இந்தியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல் இது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் இங்கே தமிழில் ஒலிக்கும். "தமிழ் என்றால் நம் கோயில் பாஷை" என்று நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும். குர்ஆனின் பொருளைத் தமிழில் கேட்டுக் கண்கலங்குகிறவர்களும் நம் மொழிக்காரர்களே.

இந்தத் தெருவைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. இங்கே நூறாண்டுக்கும் மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் ஒன்று உண்டு. கோயில் நின்ற நிலம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமையாகி, அங்கே பள்ளிவாசல் கட்டும் திட்டம் வந்தது. 2025 மார்ச் மாதத்தில் நாடெங்கும் இது பேச்சாக இருந்தது. கசப்பான சொற்களும் பறந்தன. முடிவில் ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்தில் வேறு நிலம் தருவதென்றும், கோயில் அங்கே மாறுவதென்றும் பேசி இணங்கினார்கள். தோட்டத்து மக்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தோட்டம் கைமாறும்போது கோயில் எத்தனை ஆண்டுப் பழமை என்று யாரும் கேட்பதில்லை. நிலப் பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்பார்கள். பக்தி எவ்வளவு இருந்தாலும் பத்திரமும் வேண்டும்.

வெயில் ஏறியிருக்கும். ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கே.எல். சென்ட்ரல். அங்கே இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். முதலில் வாழையிலையில் வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது இந்த இடத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1881ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்தன. இனிக் கட்டடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. செங்கல் அறுத்த களிமண் நிலமே இது. பெயரிலும் அந்தச் செங்கல் ஒட்டிக்கொண்டது. பிறகு ரயில்வே வந்தது. தமிழகத்துத் தொழிலாளியும், யாழ்ப்பாணத்துக் கிராணியும், சிங்களவரும், சீனரும் வேலை தேடி வந்து குடியேறினார்கள். ஆளுக்கு ஒரு தெய்வத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

பெர்ஹாலா சாலையில் மகா விகாரை இருக்கிறது. சிங்களப் பௌத்தர்கள் 1894ல் தொடங்கிய சாசன அபிவிருத்தி வர்த்தன சபையின் முயற்சி இது. கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் 1952ல் இலங்கையிலிருந்து வந்து, 2006ல் மறையும் வரை இங்கிருந்தே போதித்தார். வெசாக் இரவில் மின்விளக்கு ரதங்கள் இங்கிருந்து புறப்படும். காலணியை வெளியே விடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள்.

அருகிலேயே சியோன் லுத்தரன் தேவாலயம். 1924ல் எழுந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழிவந்த சபை இது. அந்தத் தரங்கம்பாடியில்தான் 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஞாயிற்றுக்கிழமை சென்றால் தமிழ்ப் பாட்டு வீதி வரை கேட்கும். சற்றுத் தள்ளி, கூர்கோபுரத்தோடு 1903ல் எழுந்த செபமாலை மாதா ஆலயம், சீனக் கத்தோலிக்கர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பூசை நடக்கும்போது பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள். நற்கருணை வாங்க எழுந்து போகாதீர்கள். அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கு உரியது.

தம்பிப்பிள்ளை சாலையில் 1916ல் எழுந்த சாம் கவ் தோங் சீனக் கோயில் உள்ளது. பெயரின் பொருள் 'மூன்று போதனைகளின் மண்டபம்'. புத்தர், கன்பூசியஸ், லாவோட்சு ஆகிய மூவரின் நெறிகளுக்கும் ஒரே கூரை. எந்த நெறி பெரிது என்ற சண்டையை அந்தக் கூரை எப்படித் தீர்த்து வைத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல பதில் வரும்.

மாலையில் ஸ்காட் சாலையில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயிலுக்குப் போங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுப்பியது. நல்லூர்க் கந்தனை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் கிராணியும் தொழிலாளியும் எட்ட எட்ட நின்றார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று திருநீறு வாங்குகிறார்கள். காலம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று.

ஒரே நாளில் இத்தனையும் முடியாவிட்டால் வருந்த வேண்டாம். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் பாதியை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது புடு பக்கம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் அந்தோணியார் கோயிலையும், ராஜா ஆலாங் சாலையில் சீக்கியர்களின் தாட் கால்சா குருத்துவாராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருத்துவாராவில் தலையில் துணி கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்தால், யார் எவர் என்று கேட்காமல் உணவு பரிமாறுவார்கள். முதலாளியானாலும் கூலியானாலும் அங்கே ஒரே பந்திதான்.

போகும்போது முழங்காலை மூடும் உடையும், எளிதில் கழற்றக்கூடிய செருப்பும், தண்ணீர்ப் புட்டியும், ஒரு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியின் ஓசையை அடக்கி வையுங்கள். கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள். எந்த வாசலிலும், "உள்ளே வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பும் வழியில் காஜாங்கில் இறங்கி, பிள்ளைகளுக்குச் சாத்தே வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாம் பார்த்த தலங்களுக்கெல்லாம் ஆண்டும் பெயரும் எழுதிவைக்கப்பட்டிருப்பதால்தான் இங்கே சொல்ல முடிந்தது. உங்கள் தோட்டத்துக் கோயிலை யார் எழுப்பினார்கள்? முதல் தீமிதி எந்த ஆண்டு? செங்கல் யார் கொடுத்தார்கள்? பக்கத்துத் தேவாலயத்துக்கும் சூராவுக்கும் யார் இடம் விட்டார்கள்? நிலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது? இவை தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று பேர்தான் எஞ்சியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்த பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் அனுப்பி வையுங்கள்.