அரை பிளேடும் ஒரு நல்ல கத்தரியும்

மதுரைப் புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தடதடத்துக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் கட்டுகிறவர்களின் உடுப்பு, சாமிக்கு அலங்காரமாகத் தொங்கவிடும் துணித் தொம்பை என்று தைக்கிற கைகள் அவை. வீட்டில் தையல் பழகுகிறவருக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று அங்குள்ள டெய்லர்களிடம் கேட்கத்தான் போயிருந்தேன். ஃபேன்சி ஸ்டோர்களில் ‘தையல் கிட்’ என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்களே, அதைப் பற்றி முதலில் பேச்செடுத்தேன்.

“அதுல கத்தரியத் தவிர எல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. கத்தரி சரியில்லாம மத்தத வச்சு என்ன பண்றது?” என்றார் மூத்த டெய்லர் ஒருவர்.

அவர் கையில் இருந்தது பத்து அங்குல மீரட் கத்தரி. பழைய இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்கிற இந்தக் கத்தரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். பழகுகிறவருக்கு எட்டு அங்குலம் போதும். நல்ல கத்தரி எது என்று பார்க்க, மெல்லிய துணி ஒன்றை எடுத்து நுனியால் மட்டும் வெட்டிக் காட்டினார். பளிச்சென்று வெட்ட வேண்டும். துணியைக் கடித்து இழுத்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வெட்டும்போது கீழ் அலகு மேசையை விட்டு எழவே இல்லை. துணியைத் தூக்கிப் பிடித்து வெட்டினால் அளவு தப்பும். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும், கீழே போட்டால் அலகு விலகிவிடும். இடதுகைக்காரர்கள் அவர்களுக்கென்றே செய்த கத்தரியைத் தேடி வாங்கத்தான் வேண்டும். சாதாரணக் கத்தரி அவர்கள் பிடியில் அலகு விரிந்து துணியை மடக்கும்.

டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறுபது அங்குல டேப். இழுத்தால் நீளாததாக இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஊசியில்தான் குழப்பம். கைஊசிக்கு எண் கூடக் கூட ஊசி மெலியும். மெஷின் ஊசிக்கு எண் கூடினால் ஊசி தடிக்கும். மெல்லிய துணிக்குப் பதினொன்று, சாதாரணப் பருத்திக்குப் பதினான்கு, ஜீன்ஸுக்குப் பதினாறு. மெஷின் ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். திருப்பி மாட்டினால் தையல் விட்டுவிட்டு விழும்.

பெட்டியில் வருகிற தையல் பிரிப்பானைக் காட்டினேன். சிரித்தபடி காதோரம் செருகியிருந்த அரை பிளேடை எடுத்தார். தப்பாகப் போன தையலில் நாலைந்து கண்ணுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்க நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. துணியில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பழகாத கைக்குப் பிரிப்பானே மேல் என்று எனக்குத் தோன்றியது. பெட்டியிலுள்ள சாமான்களில் அதிகம் தேயப்போவதும் அதுதான்.

கடையோரம் ஓர் அக்கா பிளவுஸ்களுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். பிளவுசுக்கு இவ்வளவு என்று கூலி. தையற்கூலியில் பேரம் பேசுகிறவர்களுக்கு, ஹெம்மிங்கும் ஹூக்கும் இன்னொருவருடைய விரல்வலி என்பது தெரிவதில்லை. அவர் நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுப்பதில்லை. “நீளமா எடுத்தா கோக்குற வேலை மிச்சம்னு நெனப்பாக. சிக்கெடுக்கவே பொழுது போயிரும்” என்றார். நூலை மெழுகுவத்தியில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் குத்தினார். விரலுக்கு உலோகத் தொப்பி மாட்டுவதில்லையா என்றேன். நடுவிரல் நுனியைக் காட்டினார், காய்த்துப் போயிருந்தது. புதிதாகப் பழகுகிறவர் கட்டாயம் மாட்டிக்கொள்ளட்டும்.

சாக்கட்டி, குண்டூசி, வெள்ளையிலும் கறுப்பிலும் நல்ல நூல்கண்டு. இவ்வளவுதான் பட்டியல். எந்தக் கிட்டிலும் இல்லாத ஒன்றை டெய்லர் கடைசியில் சேர்த்தார்: இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொரு தையல் முடிந்ததும் அதன்மேல் ஓர் அழுத்து அழுத்தினால்தான் அடுத்த தையல் நேராகப் போகும். வீட்டுத் தையலுக்கும் கடைத் தையலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

மெஷின் எது வாங்கலாம் என்று கேட்டதற்கு, கையால் நேராக ஓட்டுத்தையல் போட வந்த பிறகு அதைப் பேசலாம் என்றார். பிறகு அவரே சொன்னார்: “கால்ல மிதிக்கிற பழைய கறுப்பு மெஷினே போதும். பழசு வாங்குனா பாபின் கேஸ மட்டும் புதுசா மாத்திப் போட்டுருங்க.”