எந்த முகவரி?

மென்பொருள் சோதனைதான் என் வேலை. யாராவது நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும். எங்கோ ஒரு புதுக் கணினி எழுந்து, நாங்கள் எழுதிய சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிட்டு அழிந்துபோகும். தொடர் ஒருங்கிணைப்பு என்று இதற்குப் பெயர். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் கணினிகள் இப்படித்தான், வேலைக்கு ஒன்றாகப் பிறந்து மறைகின்றன.

புதிதாகச் சேரும் பெண்கள் கேட்பார்கள்: "அக்கா, இதோட ஐபி முகவரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கேக்கிறது யாரு?" என்பேன். கணினி தன்னைத்தானே அழைத்தால் 127.0.0.1. அதற்குள் ஓடும் டாக்கர் கன்டெய்னருக்குப் பெரும்பாலும் 172.17 என்று தொடங்கும் உள்முகவரி. வெளியே இருக்கும் தரவுத்தளத்துக்கு இந்த இரண்டும் தெரியாது. பொது முகவரி ஒன்றுதான் தெரியும். மூன்றும் உண்மை. அடுத்த ஓட்டத்தில் வேறு கணினி, வேறு எண்.

எனக்கும் மூன்று முகவரிகள். பள்ளிச் சான்றிதழில் அப்பா வீடு. ஆதாரில் கணவர் வீடு. அங்கிருந்து வெளியேறி மூன்று வருடமாக நான் இருப்பது ஒரு வாடகை அறையில். ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரருக்கு மனமில்லை. "தனியா இருக்கிற பொண்ணு, எத்தனை நாளைக்கோ" என்கிறார். சான்றுக் கையெழுத்துக்காகக் கவுன்சிலரிடம் போனால், "ஹஸ்பெண்ட் எங்கம்மா?" என்றுதான் பேச்சே தொடங்கியது. வங்கியிலிருந்து வரும் கடிதங்கள் இன்றும் பழைய வீட்டுக்கே போகின்றன. பிரித்துப் படிப்பது நானில்லை.

எண்ணைத் தேடாதீர்கள் என்றுதான் அந்தப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன். சோதனை கன்டெய்னருக்குள் ஓடினால், தரவுத்தளத்துக்கு நாம் வைத்த பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். இன்று அதற்கு என்ன எண் என்பதை டாக்கர் பார்த்துக்கொள்ளும்.

பெயர்கள் தாமாக நிலைப்பதில்லை, யாரோ உட்கார்ந்து காத்துவர வேண்டும். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலைக் கலிஃபோர்னியாவில் பராமரித்தது எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண் நடத்திய தகவல் மையம். புதிதாக ஒரு கணினி சேர வேண்டுமானால் அவர்களிடம் பதிய வேண்டும். டாட் காம், டாட் எஜு போன்ற பின்னொட்டுகளும் அவரது குழுவிலிருந்து வந்தவை. அந்தப் பதிவேட்டில் ஒரு கணினி இடம் மாறினால் எண்ணைத் திருத்தினார்கள், பெயர் அப்படியே இருந்தது.

சில நிமிடமே வாழும் ஒரு கணினிக்கு இந்த ஏற்பாடு கிடைத்திருக்கிறது. நான் கேட்பதும் இவ்வளவுதான்: நான் எந்த அறைக்கு மாறினாலும், என் பெயருக்கு எழுதப்பட்ட கடிதம், யாருடைய கையெழுத்தும் இல்லாமல், என் கைக்கு வர வேண்டும்.