தோட்டாவும் அளவும்

தேவிகுளம் மலைச்சீமையில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுப் பாலக்காட்டில் இரயில்வே எழுத்தனாகப் பணியாற்றும் எனக்குத் துப்பாக்கியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். உரிமை பரம்பரையாக வந்ததுதான். என் பாட்டனார் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். துரைமார்கள் வேட்டைக்குப் புறப்படும் நாட்களில் அவர்களுடைய துப்பாக்கியைச் சுமந்து சென்றவர். அவர் சொல்லக் கேட்டவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. கேப்பின்மீது ஊசி அடித்ததும் மருந்து பற்றி வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தமே குண்டை உந்துகிறது. சுட்டபின் எஞ்சும் கூட்டில் புதுக் கேப்பு வைத்து, மருந்தை அளந்திட்டு, குண்டைப் பொருத்தினால் அது மீண்டும் தோட்டாவாகும். மேனாடுகளில் பலர் இதை வீட்டிலேயே செய்கின்றனர். கூட்டின் கழுத்தை நெருக்கியும் விரித்தும், எந்தத் தொழிற்சாலையும் செய்யாத புது அளவுகளையும் ஆக்குகின்றனர். இவற்றுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் ‘காட்டுப்பூனை’. காட்டுப்பூனை வீட்டுக்கு வருவதும் உண்டு. 22-250 என்னும் தோட்டா நெடுநாள் இப்படித் திரிந்து, 1965-இல் ரெமிங்டன் கம்பெனியாரின் முறையான சரக்காயிற்று.

நம் நாட்டிலோ புது அளவுகளுக்குச் சட்டமே காரணமாயிற்று. படையில் வழங்கிய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் அளவு 450. அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 450 பங்கு. அவ்வளவுள்ள தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்றஞ்சி, ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. யானை வேட்டைக்குப் பெயர்பெற்ற அளவும் அதுவே. ஆகவே இலண்டன் ஹாலண்டு கம்பெனியார் 1907-இல் 500/465 என்னும் தோட்டாவை வெளியிட்டனர். ஐந்நூறு அளவுக் கூட்டின் கழுத்தைச் சுருக்கியது அது என்பதைப் பெயரே கூறும். 303 படைக்குரியது என்று விலக்கப்பட்டதால் 315 பொதுமக்களின் அளவாயிற்று. விடுதலைக்குப் பின்னும் ஈஷாப்பூரில் அத்துப்பாக்கி செய்யப்பட்டது.

அந்தப் பெருந்தோட்டாக்களின் கூடு மூன்றேகால் அங்குல நீளம். இவ்வளவு பெரிய கூடு ஏன்? அக்காலத்து மருந்தான கார்டைட்டு, வெயிலில் சூடேறினால் அழுத்தத்தை மிகுதியாக்கும். அழுத்தம் மிகுந்தால் சுட்ட கூடு குழாயினுள் இறுகிவிடும். எதிரே யானை நிற்கையில் கூடு வெளிவராவிட்டால் வேட்டைக்காரன் கதி என்ன? எனவே பெரிய கூட்டில் மருந்தை இட்டு, அழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்தனர். துணிச்சலைவிட அளவையே நம்பினார்கள் என்று பாட்டனார் சொல்லுவார்.

அளவு என்பது விளையாட்டல்ல. மருந்தை நிறுக்கும் கிரெய்ன் என்னும் எடையில் ஏறத்தாழ இரண்டு சேர்ந்தால்தான் ஒரு குன்றிமணி. நாள்தோறும் பார்சல் எடையைப் பதிவுசெய்யும் எனக்கு அரைக் கிலோ பிசகினால் இரசீதைத் திருத்தினால் போதும். அங்கே ஒரு குன்றிமணி பிசகினாலும் ஆபத்து. என் சிறிய தகப்பனார் வட்டவடைப் பக்கம் கேரட் பாத்தியை உழுதழித்த காட்டுப்பன்றிகளை விரட்ட நாட்டுத் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கினார். ஒரு பிடி கூடுதலாக மருந்து திணித்தார். குழாய் வெடித்தது. பன்றிகள் ஓடிப்போயின, அவருடைய இரண்டு விரல்களும் போயின. அதன்பின் அவரால் கொழுந்துக் கத்தரி பிடிக்க இயலவில்லை. சிற்றன்னையார் ஒருவர் கூலியில் ஐந்து பேர் உண்டோம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பார்கள். நஞ்சு மிஞ்சினால் என்னாகும் என்பதை எங்கள் வீடு அறியும்.

மலைக்கும் ஓர் அளவு உண்டு. இரவிக்குளம் ஒரு காலத்தில் துரைமார்களின் வேட்டை நிலம். சுடுவதற்கென்றே காத்தார்கள், அதற்கென 1928-இல் சங்கமும் அமைத்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் முதுவர்கள். அந்தக் காவலினால் வரையாடு பிழைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1971-இல் அரசு அந்நிலத்தை மீட்டது. 1975-இல் அது சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. சுவரில் மாட்டிய கொம்புகளின் கீழே சுட்டவர் பெயர் பொறித்திருக்கும். தடம் காட்டிய முதுவர் பெயரும், துப்பாக்கி சுமந்த நம்மவர் பெயரும் அங்கே காண்பதற்கில்லை. ஆயினும் மேடுபள்ளம் அறிந்த அந்தக் கால்கள் இன்றி எந்தத் துரையும் ஓர் ஆட்டையும் கண்டிருக்க முடியாது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்நாட்டில் இடமில்லை. உரிமமின்றித் தோட்டா செய்வதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமே. கைப்பேசியில் துப்பாக்கிக் காட்சிகளைக் கண்டு வியக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் எடுத்துரைக்க வேண்டும். வியப்பைத் தடுக்க வேண்டாம். அழுத்தம், வெப்பம், எடை இவற்றின் கணக்கைக் கற்பியுங்கள். அக்கணக்கு எந்தத் தொழிலுக்கும் உதவும்.

குட்டி ஈனும் மாதங்கள் கழிந்து பூங்கா திறந்ததும், அவர்களை இராஜமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு அங்கே பாதையோரத்தில் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருக்கும். அந்த அச்சமின்மையைக் காப்பது இனி நம் பிள்ளைகளின் கடமை.